வைக்கோல் ரயர்

சைக்கிள் பம்ப்பின் தோல் வாசர் காய்ந்துபோயிருந்தது. அதை முதல் நாள் மாலையே கண்டுகொண்டேன். மூடியைக் கழற்றித் தண்டை வெளியே இழுத்து, தோலைத் தேங்காய் எண்ணெயில் ஊறப் போட்டேன். பம்ப் வேலை செய்யாவிட்டால் மற்றச் சாமான்கள் எல்லாம் வெறும் பாரம். ஒட்டுவதற்கு வேண்டியதையெல்லாம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒட்டிய பிறகு காற்றுக்கு எங்கே போவது?

சாய்ந்தமருதிலிருந்து காரைதீவுச் சந்தி வரைக்கும் தார் றோட்டு. அங்கிருந்து சம்மாந்துறை வரைக்கும் வழியில் வீடுகள் உண்டு, சைக்கிள் திருத்துகிறவர்களும் உண்டு. சம்மாந்துறையைத் தாண்டினால் வயல்தான். புளியடி வட்டை அந்த வயல்களின் கடைசியில், காட்டு ஓரத்தில் கிடக்கிறது. என் மாமனார் மீராமுகைதீன் போடியாரின் வயலும், தங்கும் குடிலான வாடியும் அங்கே. அறுவடைக் காலத்தில் அவர் ஊருக்கு வருவதில்லை. அந்த வழியில் சைக்கிள் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு நடக்கலாம். நடந்தால் நேரத்துக்குச் சேர முடியாது. பொழுதுபட்டால் யானை இறங்கும்.

பின் சில்லை முற்றத்தில் கழற்றித் திரும்பப் பூட்டினேன். கழற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் துருப்பிடித்த சுரை எது, எந்த ஸ்பனர் எதற்குப் பொருந்தும் என்பதை வீட்டில் அறிந்துகொள்வதுதான் சரி. வெளியில் அறிந்துகொண்டால் நேரம் போகும். செயினை விரல்களுக்கிடையில் விட்டு ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தேன். ஒன்று தளர்ந்திருந்தது. மாற்றினேன்.

நான் போக வேண்டிய காரணம் முனவ்வறா.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் வீடு மாறுகிறவன் ஆண். நான் மருதமுனைக்காரன், பள்ளிக்கூட மாஸ்டர். றம்லாவைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தேன். வீடு அவளுக்குச் சீதனமாக எழுதியது. போன மாரியில் நெருப்புக்காய்ச்சல் வந்து அவள் இறந்தாள். இனி வீடு அடுத்த மகளுக்குப் போக வேண்டும். அடுத்த மகள் முனவ்வறா. வீட்டோடு சேர்ந்து நானும் போவது எல்லோருக்கும் வசதியாகப்பட்டது. எங்கள் பிள்ளை லைலா இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. பிள்ளை தாயின் வீட்டில்தான் வளரும். அதில் பேச்சுக்கு இடமில்லை.

மாமனார் வட்டையிலிருந்து மாமிக்குச் செய்தி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை காவின் எழுதிக் கல்யாணத்தை முடிக்கலாம். ஓதிவைக்கிற லெப்பைக்குச் சொல்ல வியாழக்கிழமை பின்னேரம் வட்டையிலிருந்து ஆள் புறப்படும். மருமகனுக்கு வேறு எண்ணம் இருந்தால் அதற்கு முன் நேரில் வந்து சொல்லட்டும். வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

எனக்கு எண்ணம் என்று ஒன்றும் இருக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்திருப்பேன். முனவ்வறாதான் பேசினாள். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். எனக்கு அவளுடைய கைவிரல்கள் மட்டும் கதவின் ஓரத்தில் தெரிந்தன.

"மச்சான்."

"ம்."

"வாப்பாக்கிட்டப் போய் ஏலாண்டு சொல்லுவீங்களா?"

"ஏன்?"

"றாத்தாட சாரியெல்லாம் உம்மா எனக்கு மடிச்சி வெக்கா. றாத்தாட தலவாணி, றாத்தாட சீப்பு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டன். இப்ப ஒங்களயும் எடுக்கச் சொல்றாங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒங்கள்ள குறை ஒண்டுமில்ல. நல்ல மனிசன். ஆனா றாத்தா மவுத்தானதுக்குப் பொறகு நீங்க ஒரு ஆளயும் நிமிந்து பாக்கல்ல. ஒங்களோட வந்து இரிந்தா நான் இரிக்கனெண்டு ஒங்களுக்குத் தெரியவே வராது."

"நீ சொல்லேன் வாப்பாக்கிட்ட."

"நான் சொன்னா ஆரயோ மனசில வெச்சிக்கிட்டுச் சொல்றாண்டுவாங்க. ஆம்புள சொன்னா அதோட முடிஞ்சிரும். ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டாங்க."

அது உண்மைதான்.

"அப்ப நான் இந்த ஊட்ட விட்டுப் போகணும்."

"ஓம்." விரல்கள் கதவிலிருந்து எடுபட்டன. பிறகு திரும்ப வந்தன. "லைலாவ நான் பாப்பன். என்ட புள்ள மாதிரியெல்லாம் இல்ல. றாத்தாட புள்ளயாவே பாப்பன்."

"செரி."

"நெசமாவா?"

"செரிண்டுட்டேனே."

"சைக்கிள் நிண்டுட்டெண்டு பாதி வழில திரும்பிராதீங்க மச்சான். அப்புடித் திரும்பினா, ஒங்களுக்குக் கோப்பி ஊத்தி ஊத்தியே நான் கெழவியாகணும்."

உள்ளே பிள்ளை அழுதது. அவள் போய்விட்டாள்.

வியாழன் காலையில் றஊப்பின் கடைக்குப் போனேன். சாய்ந்தமருதில் அவரிடம்தான் சைக்கிள் சாமான் வாங்குவேன். ஒட்டுத் துண்டு, சொலூசன், அரத்தாள், ரயர் கழற்றும் இரும்புகள், செயின் கண்ணிகள், ஒரு பழைய ரயரின் துண்டு, கயிறு, கத்தி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பையில் இருந்தன. ஒன்று மட்டும் குறைந்தது.

"ரியூப் ஒண்டு தாங்க."

"ரியூப்புக்கு நான் எங்க போற மாஸ்டர்? கொழும்பு லொறி வந்தாத்தான்." அவர் பையைத் தூக்கிப் பார்த்தார். "அல்லாஹ்! இதென்ன, என்ட கடையயே கட்டிக்கிட்டுப் போறீங்க? வட்டையில எனக்குப் போட்டியாக் கட போடப் போறீங்களா?"

"வழியில ஒருத்தரும் இல்ல."

"மாமாட வயலுக்குத்தானே போறீங்க. எதுவும் நடந்தா உக்காந்து இரிங்க. ஆராவது வண்டில்ல வருவாங்க. நாங்கெல்லாம் அப்புடித்தான்." பின் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கெழம காவினாம்? நல்லம். முன் சில்லும் பின் சில்லும் ஒரே கம்பனி ரயராப் போட்டாத்தான் மாஸ்டர் ஓட்டம் சீர்."

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். எனக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரே கம்பனி என்றது அக்காவையும் தங்கையையும் என்று பிடிபட்டபோது நான் பையைக் கரியரில் கட்டிக்கொண்டிருந்தேன். இறுக்கிக் கட்டினேன். பாரம் ஆடினால் பின் சில்லின் கம்பிகள்தான் முதலில் போகும்.

காரைதீவுச் சந்தியில் திரும்பினேன். சம்மாந்துறை மில்லுகளில் அவித்த நெல்லின் மணம் இருந்தது. ஊரின் கடைசிக் கடையில் தேத்தண்ணி குடித்தேன். தாகம் இல்லை. ஆனால் பிறகு தேத்தண்ணி இருக்காது. அதற்கப்பால் கிறவல் றோட்டு. அதற்கும் அப்பால் வண்டில் தடம். இரண்டு பக்கமும் அறுத்த வயல். கொக்குகள் தாள்களுக்கிடையில் நின்றன. காற்று எதிர்த்திசையில் அடித்தது.

முதல் முள் பின் சில்லில் ஏறியது. வேலிக்கு வெட்டி இழுத்துக்கொண்டு போன இலந்தைக் கொப்பிலிருந்து விழுந்திருக்க வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். முள்ளை உடனே பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் ஓட்டை எங்கே என்று பிறகு தேட வேண்டும். சட்டைப் பையில் பள்ளிக்கூடத்துச் சோக்குத் துண்டு கிடந்தது. முள் நின்ற இடத்தில் ரயரில் ஒரு கோடு போட்டேன். சில்லைக் கழற்றாமல், ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் கிளப்பி, அந்த இடத்து ரியூப்பை மட்டும் வெளியே எடுத்தேன்.

வீட்டில் என்றால் பேசினில் தண்ணீர் வைத்து றம்லாதான் ரியூப்பைப் பிடிப்பாள். குமிழி வரும் இடத்தில் விரலை வைத்து, "புடிச்சிட்டன்" என்பாள். இங்கே வாய்க்கால் தண்ணீரைக் கையால் அள்ளி ஊற்றினேன். குமிழி வந்தது.

அரத்தாளால் தேய்த்துச் சொலூசன் பூசினேன். இனி காத்திருக்க வேண்டும். சொலூசனின் பளபளப்புப் போய், விரலில் ஒட்டாமல் வரும் வரைக்கும் ஒட்டுத் துண்டை வைக்கக் கூடாது. ஆட்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஈரத்தில் ஒட்டிவிட்டு அரை மைல் போய்த் திரும்பவும் கவிழ்ப்பார்கள். நான் வரப்பில் இருந்தேன். வெயிலைப் பார்த்தேன். நேரம் இருந்தது. ஒட்டி, ரயரின் உட்புறத்தை விரலால் சுற்றித் தடவி, வேறு முள் இல்லை என்று கண்ட பிறகே காற்றடித்தேன். பம்ப் நன்றாக இழுத்தது.

இரண்டாவது இப்படிச் சுலபமாக இருக்கவில்லை. புதிதாக வெட்டிய வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு பலகை போட்டிருந்தார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். பலகை ஒன்று புரண்டது. முன் சில்லு கீழே போய், கட்டையாக வெட்டி விட்டிருந்த மர வேரில் முழுப் பாரத்தோடும் குத்தியது. வெடித்த சத்தத்துக்கு அயலில் நின்ற கொக்குகள் எல்லாம் எழும்பின.

சைக்கிளை மேலே இழுத்து எடுத்துப் பார்த்தேன். ரயரின் பக்கம் கிழிந்திருந்தது. அது காரியமில்லை. அதற்குத்தான் பழைய ரயர்த் துண்டு. உள்ளே வைத்தால் கிழிவை அடைக்கும். ரியூப்பை எடுத்தேன். வால்வு ரியூப்போடு சேருகிற இடத்தில் அது பிய்ந்து, வால்வு தனியாக என் கையில் வந்தது. அந்த இடத்தில் எந்த ஒட்டும் நிற்காது. அதற்கு வேறு ரியூப்தான் வேண்டும். றஊப்பின் கடையில் இல்லாத சாமான்.

கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடந்தேன். சூரியன் தலையை விட்டு இறங்கியிருந்தது. நடந்தால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் போவேன். அதற்குள் ஆள் லெப்பையிடம் போக வெளிக்கிட்டிருக்கும். நாளை ஊரில் ஓதிவிடுவார்கள். முனவ்வறா ஒன்றும் சொல்ல மாட்டாள். எனக்குக் கோப்பி ஊற்றுவாள்.

திரும்பிப் போவது பற்றியும் யோசித்தேன். ஒரு நிமிடம் அது நல்ல யோசனையாகவே இருந்தது. சைக்கிள் நின்றுவிட்டது என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். பொய்யும் இல்லை. பிள்ளை அதே வீட்டில், நானும் அதே வீட்டில்.

ரயருக்குள் காற்றுத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இறுக்கமாக எது இருந்தாலும் சில்லு உருளும். காய்ந்த புல்லைப் பிடுங்கிப் பார்த்தேன். போதிய அளவு கிடைக்கவில்லை. ஒரு வளைவுக்கு அப்பால் வைக்கோல் போர் ஒன்று தெரிந்தது. எருமை விட்டுச் சூடு மிதித்து, நெல்லைப் பிரித்து முடித்த களம். நெல் போய்விட்டது. ஒரு மனிதர் வண்டிலுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தார். காரைதீவு நல்லரெத்தினம். சந்தையில் கண்டு பழக்கம்.

"அண்ணன், கொஞ்சம் வைக்கல் எடுக்கவா?"

"எடுங்க மாஸ்டர். மாட்டுக்கோ?"

"சைக்கிளுக்கு."

அவர் ஏற்றுவதை நிறுத்திவிட்டு வந்தார். நான் ரயரின் ஒரு பக்கத்தை இளக்கி, வைக்கோலைத் திருகித் திருகி உள்ளே அடைக்கத் தொடங்கினேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஆண்டவனே! வைக்கல் தின்னிற சைக்கிளை இண்டைக்குத்தான் காணுறன். சாணியும் போடுமோ?"

"போட்டா ஒங்கட வயலுக்குத்தான்."

அதைச் சொன்னது நான்தான். சொன்ன பிறகு, அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதுபோல இருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்கால பயணம்?"

"புளியடி வட்டைக்கு. மீராமுகைதீன் போடியார்ட வாடிக்கு."

"நீங்க அவர்ட மருமகனெல்லோ? அந்த மூத்த புள்ள மோசம் போனது..."

"ஓம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். குந்தியிருந்து ரயரின் மறுபக்கத்தைப் பிடித்தார். நான் அடைத்தேன். அவர் குதிக்காலால் மிதித்து இறுக்கினார். காய்ந்த வைக்கோல் தூளாகிப் போகும் என்று தண்ணீர்ப் போத்தலைச் சரித்து நனைத்தேன். எல்லா இடத்திலும் ஒரே அளவாக அடைபட வேண்டும். ஒரு இடத்தில் குறைந்தால் சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடத்தில் விழுந்து எழும்பும். கிழிவுக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்தேன். மூடினோம்.

"போடியாருக்கும் இண்டைக்குத்தான் சூடு," என்றார். "எருமையள் விடியவே இதால போனது. களத்தில எருமை இறங்கமுந்திப் போயிருங்க. இறங்கிற்றெண்டா சூடு முடியுமட்டும் அவர் வேற ஆள்."

"பாப்பம்."

"மெல்ல ஓடுங்க. பசியெடுத்தாச் சொல்லும்," என்று சைக்கிளின் இருக்கையைத் தட்டினார்.

வைக்கோல் சில்லு ஓடியது. நன்றாக ஓடியது என்று சொல்ல முடியாது. கைப்பிடி அதிர்ந்து தோள் வரைக்கும் வலித்தது. திருப்பினால் திரும்பாது. முன்கூட்டியே திருப்பத் தொடங்க வேண்டும். பாரத்தைப் பின்னால் வைத்து, முன் சில்லில் சாயாமல் ஓடினேன். வைக்கோல் அமர்ந்து தளர்ந்தபோது இறங்கி, வழியில் சிந்திக் கிடந்ததைப் பொறுக்கித் திரும்பவும் அடைத்தேன். காட்டு ஓரம் தெரிந்தது. பரண்கள் தெரிந்தன. அதற்குப் பிறகு எங்கும் இறங்கவில்லை.

வாடிக்கு நான் சேர்ந்தபோது நிழல் நீண்டிருந்தது. ஆனால் வெயில் இருந்தது. அதாவுல்லா களத்துக்கு வெளியே உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றான். அவன் மாமனாரின் நம்பிக்கையான வேலையாள். லெப்பையிடம் போகிறவன் அவன்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பிந்தவில்லை.

களத்தில் எருமைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மாமனார் நடுவில் நின்றார். தலையில் துவாய், கையில் கம்பு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மருமகனா? வாங்க, வாங்க. செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க."

"மாமா, கொஞ்சம் வெளிய வந்தீங்கண்டா..."

"எருமை இறங்கிட்டு. இனி நெல்ல அள்ளின பொறகுதான் என்ட கால் வெளிய வரும். நீங்க வாங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் எதற்கு வந்தேன் என்பது அவருக்குத் தெரியும் என்று அந்தச் சிரிப்பில் கண்டேன்.

களத்துக்குள் சில சொற்களைச் சொல்லக் கூடாது. இல்லை, ஏலாது, வேண்டாம், போதும், முடிந்தது. இந்தச் சொற்கள் விழுந்தால் நெல் குறையும் என்பது வயல்காரர்களின் நம்பிக்கை. அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில், பெருகட்டும் என்ற பொருளில், 'பொலி' என்பார்கள். குடத்தில் தண்ணீர் தீர்ந்தாலும் பொலி. இலையில் சோறு போதுமென்றாலும் பொலி. மருதமுனையில் எங்கள் வீடு தறி வீடு. நெல்லைக் கடையில் வாங்கினோம். ஆகவே இதை நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, உள்ளே நின்றதில்லை. மார்க்கத்தில் இப்படி எதுவும் கிடையாது. மாமனார் ஐந்து நேரமும் தொழுகிறவர். ஆனால் களத்தில் 'இல்லை' என்று வாய் தவறிச் சொன்ன கூலிக்காரனை அந்த இடத்திலேயே கன்னத்தில் அறைந்தவர்.

செருப்பைக் கழற்றினேன். உள்ளே போனேன். வைக்கோல் காலுக்குச் சூடாக இருந்தது.

"போடியார், நான் வெளிக்கிடட்டா?" என்று அதாவுல்லா கேட்டான். "சம்மாந்துறையைப் புடிக்கக்க மஃரிபாகிரும்."

"பொறு. மருமகனும் வந்திட்டாரு. அவர்ட வாயாலயும் ஒரு வார்த்தையக் கேட்டுட்டுப் போ. லெப்பைக்கிட்டச் சொல்ல நல்லந்தானே." என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தினார். "என்ன மருமகன்? வெள்ளிக்கெழம செரிதானே?"

வேலையாட்கள் எல்லோரும் பார்த்தார்கள். எருமைக்குப் பின்னால் நடந்த ஒருவன் கழுத்தைத் திருப்பி, "ஓமெண்டு சொல்லத்தானே மாஸ்டர் இந்த வேகத்தில வந்திரிக்காரு. பாருங்க, சைக்கிள் வைக்கல் கக்குது," என்றான். சிரித்தார்கள்.

நான் அவ்வளவு தூரம் ஆயத்தமாகக் கொண்டுவந்தது ஒரே வசனம். 'எனக்கு ஏலாது மாமா.' சம்மாந்துறையில் தேத்தண்ணி குடித்தபோதும் அதைச் சொல்லிப் பார்த்திருந்தேன். இப்போது அது உதவாது. வெளியே போய் நின்று சொன்னாலும் உள்ளே கேட்கும். சொல்லிவிட்டால், இந்த முறை நெல் ஒரு மூடை குறைந்தாலும் அது முனவ்வறாவின் தலையில் விழும். அவள் பெயரைப் பேசிய நேரத்தில்தான் அந்தச் சொல் விழுந்தது என்பார்கள். ஒன்றும் பேசாமல் நின்றாலும் சம்மதம்தான்.

எருமைகள் என்னைக் கடந்து போயின. ஒன்று வைக்கோலை இழுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"மாமா, எனக்கு ஒரு வண்டில் வேணும்," என்றேன்.

"வண்டிலா?" அவர் எதிர்பார்க்கவில்லை. "பொலி, பொலி. எந்த வண்டில் வேணும்? ரெண்டும் ஒங்கடதான். எதுக்கு?"

"என்ட கட்டிலையும் புத்தகங்களையும் மருதமுனைக்கு ஏத்த. நான் உம்மாட ஊட்ட போய் இரிக்கப் போறன்."

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். அதாவுல்லா களத்தின் ஓரத்தில் சால்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். மாமனாரின் வாய் திறந்தது. அவருடைய நாக்கில் என்ன சொல் வந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவர் கம்பை மண்ணில் ஊன்றினார். நெற்றியிலிருந்து துவாயை இழுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிய நேரம் எடுத்தது.

"பொலி," என்றார். குரல் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

பிறகு, "அதாவுல்லா, நீ இரி. களத்துச் சோறு தின்னுட்டு நாளைக்குப் போகலாம்."

"லெப்பைக்கு...?"

"இரி எண்டனே."

அதாவுல்லா வெள்ளைச் சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

மாமனார் இன்னும் நெருங்கி வந்து நின்றார். அவருக்கு என்னைவிட உயரம் குறைவு. அதை அதற்குமுன் நான் கவனித்ததில்லை. "மருமகன், இது ஒங்கட கததானா?" என்று கேட்டார். "ஒங்கட வாயில வேற ஆரும் வெச்ச கதயா?"

"என்ட கததான்."

"ஆணையா?"

"ஓம்."

என் முகத்தையே பார்த்தார். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கண்கள் தூசியில் சிவந்திருந்தன. றம்லாவின் கண்களும் அந்த வடிவம்தான். அவர்தான் முதலில் பார்வையை எடுத்தார்.

"களத்துக்குள்ள வந்த கை சும்மா நிக்கப்படா," என்றார். தன் கம்பை என்னிடம் நீட்டினார். "எருமையச் சாயுங்க."

வாங்கினேன். எருமைகளுக்குப் பின்னால் நடந்தேன். காலுக்குக் கீழே கதிர்கள் இளகிக்கொண்டிருந்தன. அவர் என்னோடு சேர்ந்து நடந்தார். அது அவருடைய வேலையல்ல. போடியார் நடுவில்தான் நிற்பார். ஆனால் அவர் நடந்தார். ஒரு சுற்றுப் போயிற்று. அவர் அடிக்கடி என் வாயைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமியபோது அவருடைய நடை தடுமாறியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அடுத்து ஒன்றைக் கேட்டுவிடுவேன் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். வண்டிலைக் கேட்டவன் பிள்ளையையும் கேட்கலாம். கேட்டால் களத்துக்குள் அவரிடம் சொல்வதற்குப் பொலி என்ற ஒரு சொல்தான் இருந்தது. ஆட்கள் முன்னால் சொன்ன சொல்லைப் பிறகு மாற்றுகிற மனிதரல்ல அவர். மருதமுனையில் உம்மா இருக்கிறா. தொட்டில் கட்டக் கூரை வளை இருக்கிறது. வண்டிலில் இடமும் இருக்கும்.

இன்னொரு சுற்றுப் போயிற்று. எருமைகளைத் திருப்பினேன்.

"லைலா அங்கேயே இரிக்கட்டும் மாமா," என்றேன். "முனவ்வறாட கைக்குப் பழகிட்டு. பள்ளிக்கூடம் விட்டுப் போகக்க நான் வந்து பாத்துக்கிறன்."

அவர் நின்றுவிட்டார். நான் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து "பொலி" என்றார். திரும்பவும், "பொலி." மூன்றாம் முறை சத்தமாக வந்தது. வேலையாட்கள் அதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். "பொலியோ பொலி!" என்று களம் முழுக்கக் குரல் எழும்பியது. எருமைகள் வேகமாகச் சுற்றின. நான் கம்பைத் தூக்கிக்கொண்டு அவற்றுக்குப் பின்னால் போனேன்.